நான் சொல்லவில்லை, பொம்மை சொன்னது

என் தொழிலுக்கு இங்கிலீஷில் ஒரு நீளமான பெயர் உண்டு. மேடையில் அதை அறிவிக்கும்போது கம்பீரமாகத் தலையாட்டுவேன். திருப்பிச் சொல்லச் சொன்னால் மாட்டிக்கொள்வேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். தமிழில் சொன்னால் சுலபம். பொம்மையை மடியில் உட்கார வைத்து, உதட்டை அசைக்காமல், அது பேசுவது போல நான் பேசுவது.

இந்த வித்தை தவம் செய்து வந்ததல்ல, பல் வலியில் வந்தது. பீளமேட்டில் ஒரு பாலர் பள்ளியில் ஆயாவாக இருந்தேன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய பிறகு தாடை வீங்கி வாய் திறக்கவில்லை. பத்து நாள் பேசாமல் இருக்கச் சொன்னார் டாக்டர். நான் பத்து நிமிஷம் பேசாமல் இருந்ததாகச் சரித்திரம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தொண்டையிலேயே பேசினேன். பிள்ளைகள் என் வாயைப் பார்த்துவிட்டு, குரல் எங்கிருந்து வருகிறதென்று பின்னால் திரும்பித் தேடின. வீக்கம் வடிந்தது, பழக்கம் வடியவில்லை.

பொம்மைக்குத் தலை வேண்டுமே. உக்கடத்தில் கட்டில் கால் கடைகிறவரிடம் சொன்னேன். அவர் கை பழகின விதத்தில் கடைந்து கொடுத்தார். கழுத்துக்கு மூன்று வளையம், உச்சிக்கு ஒரு குமிழ். மீசை வரைந்து வேட்டி கட்டிவிட்டதும், சம்பந்தி வீட்டில் காப்பி கிடைக்காத பெரியவர் போல ஒரு முகம் வந்துவிட்டது. அதையே வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் என்னைவிட அதைத்தான் நிறையப் பேர் போட்டோ எடுத்திருக்கிறார்கள்.

பள்ளி ஆண்டு விழாவில் தொடங்கி, பிறந்தநாள், காதுகுத்து, அபார்ட்மெண்ட் பொங்கல் விழா என்று போனேன். கம்பெனிகளில் குடும்ப நாள் என்று ஒன்று நடத்துவார்கள். அங்கே கழுத்தில் அட்டை மாட்டிய பிள்ளைகள் என்னை ஆர்ட்டிஸ்ட் மேடம் என்று கூப்பிட்டதில், ஒரு வாரம் வீட்டில் பாத்திரம் கழுவவே மனசு வரவில்லை.

எங்கள் பக்கம் கன்றுக்குட்டியை விரட்டினால்கூட “அந்தப் பக்கம் போங்க சாமி” என்போம். என் பொம்மைக்கு மட்டும் மரியாதை தெரியாது. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரிய மனிதரைப் பார்த்து, “ஏண்டா, தொப்பைய ஊட்டுலயே வெச்சுட்டு வந்திருக்கக் கூடாதா?” என்று கேட்கும். அவர்தான் முதலில் சிரிப்பார். நான் அதன் தலையில் ஒரு தட்டு தட்டி, “மன்னிச்சுக்குங்க, கெழவனுக்குப் புத்தி கம்மிங்க” என்பேன். வைவது அது, நல்ல பெயர் எனக்கு. இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. அதில்தான் கெட்டேன்.

என் தம்பி பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்கு நடுவில் மாடி வீடு கட்டிப் புதுமனை புகுந்தான். எனக்கு ஒரே உடன்பிறப்பு அவன். அன்று சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பொம்மை நிகழ்ச்சி நடத்தச் சொல்லியிருந்தான். காலையில் போய் இறங்கியதும் யாரோ என் பையை வாங்கி மாடிப்படிக்கு அடியில், தேங்காய் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்கள். அவன் மகளைக் கொடுத்த சம்பந்தி வீட்டுப் பைகள் ஏசி அறைக்குப் போயின. நான் ஒன்றும் சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிட வேண்டாம். மத்தியானம் வரைக்கும் அந்தப் பையைப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் தம்பி முன்வரிசையில் புது வேட்டியோடு, சம்பந்திக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பொம்மை அவன் பக்கம் திரும்பியது.

“ஏண்டா, சம்பந்திக்கு ஏசி ரூமு, கூடப் பொறந்தவளுக்குப் படிக்கட்டுக்கு அடியிலயா? அவ என்ன, உரிக்காத தேங்காயா?”

கூட்டம் கைதட்டியது. அவ்வளவு பெரிய சிரிப்பை அதற்கு முன்னால் நான் வாங்கியதே இல்லை. அந்தச் சந்தோஷத்தில், தம்பி சிரிக்காததைப் பார்க்க நேரமாகிவிட்டது. சம்பந்தி எழுந்து வெளியே போனதையும் பிறகுதான் பார்த்தேன்.

தம்பி சமையல்கட்டுக்கு வந்து மெதுவாகக் கேட்டான். “ஏனுங்கக்கா, தனியா ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தூக்கியாந்து வெச்சிருப்பனுங்களே.”

“நான் எங்கப்பா சொன்னேன்? பொம்மையில்ல சொல்லுச்சு.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊரையெல்லாம் நம்ப வைத்து நம்ப வைத்து, நானும் நம்பிவிட்டிருந்தேன். அவன் திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகு நாலு வருஷம் பேச்சில்லை. பொங்கல் சீர் மட்டும் தவறாமல் ஆள் மூலம் வந்தது. கரும்பு வந்தது, புடவை வந்தது, தம்பி வரவில்லை.

இந்த வருஷம் அவன் மகனுக்குக் கல்யாணம் முடிவானது. நான் கையில் தூக்கி வைத்திருந்த பிள்ளை அவன். ஆனால் எங்கள் பக்கம், கூடப் பிறந்தவன் வாசலில் வந்து வாயைத் திறந்து அழைக்காத கல்யாணத்துக்கு ஒருத்தியும் போக மாட்டாள். நானும் போவதில்லை என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தேன். சொல்லிவிட்டு, அவன் அழைக்காமலே விட்டுவிடுவானோ என்று தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் தம்பி பெண்டாட்டி வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாள்.

“நங்கையா, குங்குமம் எடுத்துக்குங்க” என்றாள். புருஷனின் அக்காளை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவது. “ரெண்டு நாளைக்கு முன்னாலயே வந்துறோணுங்க.”

“நீ தனியாவா வந்த, அம்மணி?”

“அவிய கார்ல இருக்கறாங்க.”

எட்டிப் பார்த்தேன். தெருமுனையில் வேப்பமரத்தடியில் கார் நின்றது. என் ஊர் வரை வந்துவிட்டு, என் வாசலுக்கு வராமல் உட்கார்ந்திருக்கிறான்.

“உன்ற ஊட்டுக்காரருக்கு வாயில புண்ணா?” என்றேன்.

“அதை நீங்களே கேட்டுப்போடுங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல நடந்து நடந்து எனக்குத்தான் கால் வலி.”

நேராகப் போய்ப் பேசியிருக்கலாம். நான் என்ன செய்தேனென்றால், பெட்டியைத் திறந்து பொம்மையை எடுத்துக்கொண்டு போனேன். பட்டப்பகலில் கட்டில் கால் தலைக் கிழவனை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். மாவு மில் வாசலில் நின்றவர்கள் நிகழ்ச்சி என்று நினைத்துப் பின்னாலேயே வந்தார்கள்.

கார்க் கண்ணாடி இறங்கியது. பொம்மை பேசியது. “அன்னைக்கு நான் பேசுனது தப்புங்க. மன்னிச்சுக்குங்க.” அதன் வாயில் முதன்முதலாக மரியாதை.

தம்பி பொம்மையைத்தான் பார்த்தான். “ஏனுங்க பெரியவரே, உங்க மேல எனக்கென்ன கோவம்? அன்னைக்குப் பேசுனது நீங்க இல்லீங்களே. பேசுனவிய வந்தாச் சொல்லுங்க.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். என் வித்தையை என் முன்னாலேயே ஒருவன் செய்து, சிரிப்பும் வாங்கிவிட்டான். கண்ணாடி ஏறத் தொடங்கியது. பாதியில் அதன் மேல் கையை வைத்தேன்.

பொம்மையைக் காரின் மேல் சாய்த்து வைத்தேன். மேடையில் ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்டவளுக்கு வாய் வரவில்லை. வந்தபோது, பழக்க தோஷம், “மன்னிச்சுக்கப்பா” என்றது தொண்டைதான், உதடு அசையவில்லை.

“குரல் எங்கிருந்து வருதுன்னே தெரியலீங்க” என்றான் தம்பி.

“வாய் காஞ்சு போச்சுப்பா.” இந்தத் தடவை உதடு அசைந்தது. “பையை அங்க வெச்சது எனக்கு வலிச்சுது. உங்கிட்டச் சொல்ல ரோசம் விடல. நாலு பேருக்கு முன்னால சொல்லிப்போட்டேன். நான்தான் சொன்னேன்.”

தம்பி கதவைத் திறந்து இறங்கி, என் பின்னாலேயே வந்து நின்ற பெண்டாட்டியிடமிருந்து தட்டை வாங்கி என் முன்னால் நீட்டினான்.

“கல்யாணத்துக்கு வந்துருங்கக்கா. நீங்க மட்டும் வாங்க.”

மட்டும் என்றதில் எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. பேரம் பேசுகிற நிலையில் நான் இல்லை.

கல்யாணத்தில் மூன்று நாள் என் சொந்த வாயால் மட்டும் பேசினேன். பார்க்கிற சொந்தமெல்லாம் “பெரியவர் வரலீங்களா?” என்று கேட்டது. நான் வந்ததை யாரும் விசாரிக்கவில்லை. மண்டபத்தில் ஏசி அறையில் கட்டில் போட்டுக் கொடுத்திருந்தான் தம்பி. குளிர் தாங்காமல் இரண்டாம் நாளே வெளியே வந்து, கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டேன். “என்னங்கக்கா, ரூமு புடிக்கலீங்களா?” என்று வந்து நின்றான். முட்டி விறைத்துப்போனதை நானே சொன்னேன். போய்ப் போர்வை எடுத்துவந்தான்.