சாவிக்காரர் போன பாடில்லை

இது நான் கட்டிய கதை இல்லை. கதை கட்டுவது அக்காவின் வேலை, எனக்குச் சுட்டுப் போட்டாலும் வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு ராத்திரி என் அறையில் வந்து படுத்துப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இரண்டு வருஷமாக ஒரு விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, இருபது முகம் உள்ள பகடையை உருட்டி, ஒரு கதைக்குள் புகுந்து ஆடுவது. அக்காதான் கதை சொல்வாள், எதிரிகளுக்கெல்லாம் அவள்தான் குரல். நான் அம்பு எய்பவள். மாடி வீட்டுப் பையன் குண்டூசி, ஆட்டத்தில் கொத்தனார். ஆள் அவ்வளவு ஒல்லி, அதனால் அந்தப் பெயர். "எல்லாரும் மந்திரவாதி ஆவாங்க, நீ ஏன்டா கொத்தனார்?" என்று அக்கா கேட்டதற்கு, "மந்திரவாதிக்கும் வீடு வேணும்ல," என்றான்.

எங்கள் வில்லன் பெயர் சாவிக்காரர். சண்டையே போட மாட்டார். அவ்வளவு மரியாதையாகப் பேசுவார். நாங்கள் உயிரைக் கொடுத்துத் தேடிய பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் பேசும்போதெல்லாம் அக்கா வீட்டுச் சாவிக்கொத்தை மேஜைக்கடியில் மெதுவாக ஆட்டுவாள். ஜல்... ஜல்... கடைசியில் எப்போதும் ஒரே வசனம்.

"சரி... போயிட்டு வரேன்."

அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்பு விட்டேன். விஷம் வைத்தேன். பாலத்தோடு சேர்த்து ஆற்றில் தள்ளினேன். அடுத்த வாரம் ஜல் ஜல் என்று வந்து நிற்பார். சரியான நேரத்தில் பகடை எங்கள் காலை வாரிவிடும்.

"நீ ஏமாத்துறக்கா."

"பகடை உருட்டுனது நீ. என்மேல ஏன்டி பாயுற?"

இன்னொரு எரிச்சலும் உண்டு. அக்கா சரியான சோம்பேறி. கோட்டை, சுரங்கம், கப்பல், எதற்குப் படம் வரையச் சொன்னாலும் எங்கள் வீட்டையே வரைந்து வைப்பாள். ஹால், சமையலறை, நாங்கள் இரண்டு பேரும் படுக்கும் அறை. ஒரே ஒரு வித்தியாசம். எங்கள் அறையில் என் கட்டிலுக்கு எதிரே இருப்பது வெறும் சுவர். படத்தில் அங்கே ஒரு கதவு இருக்கும். சாவிக்காரர் அது வழியாகத்தான் தப்பிப்பார்.

போன மாதம் அக்காவுக்கு வெளியூரில் ஓர் அச்சகத்தில் வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி கடைசி ஆட்டம். அன்றைக்கு அவரை முடிக்காவிட்டால் இனிமேல் முடிக்கவே முடியாது. குண்டூசியும் நானும் மாடிப்படியில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். ஆளை அடிக்க வேண்டாம், வழியை அடைப்போம்.

நான் சாவிக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவன் செங்கல் அடுக்கினான். பகடையை உருட்டினான்.

இருபது. இரண்டு வருஷத்தில் எங்களுக்கு விழுந்த முதல் இருபது.

படத்திலிருந்த கதவின் மேல் தீப்பெட்டிகளை அடுக்கி மூடினான். சாவிக்காரருக்குக் காயாக நாங்கள் வைத்திருந்த கறுப்புச் சட்டைப் பொத்தான் அறைக்குள் தனியாகக் கிடந்தது.

அக்கா சாவிக்கொத்தை ஆட்டுவதை நிறுத்தினாள்.

"அப்போ இவரு எப்படிப் போவாரு?"

"போகவே வேணாம். இங்கயே கிடக்கட்டும்," என்றேன் நான்.

இனி அம்பு விட வேண்டியதுதான் பாக்கி. பகடையைக் கையில் எடுத்தேன். அம்மா வந்து விளக்கை அணைத்துவிட்டாள்.

"விடிஞ்சா பஸ்சு. பேயாட்டம் முழிச்சிட்டு உக்காந்திருக்கீங்க."

"ஒரே ஒரு அம்பும்மா..."

எவ்வளவு கெஞ்சியும் நடக்கவில்லை. டார்ச் வெளிச்சத்தில் அக்கா சாமான்களைப் பெட்டியில் போட்டாள். பொத்தான் மட்டும் கிடைக்கவில்லை. மேஜைக்கடியில் தவழ்ந்து தேடினோம். இல்லை.

அக்கா ஊருக்குப் போய்விட்டாள். அன்று ராத்திரி நான் அறையில் தனியாக. பக்கத்தில் அவளுடைய காலிக் கட்டில்.

மணி 1.40.

ஜல்...

அம்மா எழுந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஹாலில் அம்மாவின் குறட்டை கேட்டது. சமையலறைக்குப் போய்ப் பார்த்தேன். சாவிக்கொத்து ஆணியில் அசையாமல் தொங்கியது. அதை எடுத்துத் துண்டில் சுற்றி, என் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தேன்.

ஜல்... ஜல்...

தலையணைக்கு அடியில் இல்லை. அறைக்குள்.

சத்தம் என் கட்டிலைத் தாண்டிச் சுவர்ப் பக்கம் போனது. நின்றது.

பிறகு சுவரைத் தடவுகிற சத்தம். உள்ளங்கையால். மெதுவாக... இருட்டில் சுவிட்சைத் தேடுவது போல.

திரும்பி வந்தது.

மறுபடி போனது.

மறுபடி தடவியது.

இரண்டு வருஷமாக, போகவிடக் கூடாது என்று துரத்தின ஆள். இப்போது, போய்த் தொலையேன் என்று அழுகை வந்தது.

அக்காவின் கட்டில் கிறீச்சிட்டது.

சத்தம் நின்றுவிட்டது.

காலையில் அம்மாவிடம் சொன்னேன். "பரீட்சை வருதுல்ல, இப்படித்தான் ஏதாவது தோணும்," என்றாள். குண்டூசியிடம் சொன்னேன். "நான் சும்மா கொத்தனாருப்பா," என்று சிரித்தான். அதற்குப் பிறகு அவன் கீழே வரவே இல்லை.

தினமும் 1.40. தினமும் அந்தத் தடவல். யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. ஏழாம் நாள் அக்காவுக்கு ஃபோன் போட்டு அழுதேன்.

"அந்தக் கதவைத் திறந்து விடுக்கா. அவரு போகட்டும்."

"லூசு. சரி அழாத, பகடை இங்கதான் இருக்கு. பத்துக்கு மேல விழுந்தா சுவர் இடிஞ்சுது, போதுமா?"

பகடை உருளும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு. இரு, இன்னொரு தடவை."

உருண்டது.

"என்னடி இது, மறுபடியும் ஒண்ணு..."

மூன்றாவது தடவை அவள் எண்ணைச் சொல்லவில்லை.

"அந்த ஆளை எங்க புடிச்சக்கா?" என்று கேட்டேன்.



"உன்கிட்டதான். சின்ன வயசுலேர்ந்து நீ தூக்கத்துல பேசுவ. அந்தச் சுவர் பக்கம் திரும்பி, 'சரி, போயிட்டு வாங்க'ன்னு சொல்லுவ. தினம் ராத்திரி. யார்கிட்டடின்னு கேட்டா பதில் வராது. அதான்... அங்க ஒரு கதவு வரைஞ்சேன்."

நேற்று ராத்திரி சத்தமே வரவில்லை. தடவலும் இல்லை. விட்டது சனியன் என்று ரொம்ப நாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

இன்று காலை அம்மா என் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்.

"தூக்கத்துல பேசுறத எப்போதான்டி விடப்போற? நேத்து தண்ணி குடிக்க எழுந்தேன். உள்ள யாரையோ உபசாரம் பண்ணிட்டு இருக்க."

"என்னம்மா சொன்னேன்?"

"'எவ்வளவு நாள்தான் நிப்பீங்க... அக்கா கட்டில் காலிதான், இங்கயே இருந்துக்கங்க'ன்னு."

அறைக்குப் போய்ப் பார்த்தேன்.

அக்கா மடித்து வைத்துவிட்டுப் போன போர்வை விரித்திருந்தது. தலையணை நடுவில் பள்ளம்.

பள்ளத்தில் ஒரு கறுப்புப் பொத்தான்.