திரும்பி வரும் வழிக்கு ஒரு வண்டி

சனிக்கிழமை விடிந்ததும் ஆவடியில் திருத்தணி லோக்கலைப் பிடித்தேன். பெட்டியில் பாதிப் பேர் மலைக்குப் போகிறவர்கள். மஞ்சள் வேட்டிக்காரர் ஒருவர் நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, "மொட்டையா, காவடியா?" என்றார். "ரெண்டும் இல்லீங்க, வண்டி வாங்கப் போறேன்" என்றேன். "ஆங், அதுவும் வேண்டுதல்தான். முடிச்சாத்தான் தூக்கம் வரும்" என்றார். இப்படி ஒரு பேச்சாவது காதில் விழாமல் நான் ரயிலை விட்டு இறங்கியதில்லை.

எதற்கு வண்டி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்கா எஸ்தரின் வீடு அம்மையார்குப்பத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, ஓர் ஓடைக்கு அந்தப்புறம் இருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் தேவராஜ். எங்கள் பக்கத்து வழக்கப்படி எனக்கு அவர் பாவா. திருத்தணிக்கும் பொதட்டூர்பேட்டைக்கும் ஓடிய தனியார் பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்தவர். இப்போது இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. புதனும் சனியும் திருத்தணிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஆட்டோக்காரர்கள் ஓடையின் மணலைப் பார்த்ததும் இந்தக் கரையிலேயே நிறுத்திவிடுவார்கள். போன மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்து ஒரு முறை டயாலிசிஸ் தவறிப்போனது. மறுநாள் மூச்சு விட முடியாமல் தவித்தவரை டிராக்டரில் வைத்துக் கொண்டுபோனார்கள். இன்னொரு மழைக்கு அந்த நிலைமை வரக்கூடாது.

நான் இன்வெர்ட்டர் விற்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். திருத்தணிக் கிளைக்கு மாற்றல் கேட்டேன், கிடைத்தது. இனி அக்கா வீட்டில் தங்கி, தினமும் இருபத்தைந்து கிலோமீட்டர் போய், இருபத்தைந்து வர வேண்டும். ஆகவே மணலிலும் தண்ணீரிலும் இறங்குகிற வண்டியே ஆபீசுக்கும் போக வேண்டும். கம்பெனி வேன் ஓட்டிய கை எனக்கு. சொந்தமாக வாங்குவது இதுதான் முதல்.

திருப்பதி ரோட்டில் பழைய வண்டி வாங்கி விற்கும் சீனுவின் கொட்டகைக்குப் போனபோது மணி எட்டு. சீனு பேசினால் தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் சிரிப்பான்.

"உனுக்குன்னே ஒண்ணு வெச்சிகினு கீறேன் நைனா" என்று தார்ப்பாயை உருவினான். பழைய ஜீப். கரும்பச்சை நிறம், இரண்டே கதவு, பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்சு. கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி நெம்புகோல். அதை இழுத்தால் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். நாலே முக்கால் லட்சம் சொன்னான்.

"மைலேஜ்?"

"ஜீப்புகிட்ட மைலேஜ் கேக்கறது, பொண்ணு பாக்கப் போய்ட்டு மாமியாருக்கு சுகர் இருக்குதான்னு கேக்கற மாதிரி. கேக்கலாம். கல்யாணம் நடக்காது."

ஆதார் நகலை வாங்கிக்கொண்டு, ஓடை வரை தானும் வருவதாகச் சொல்லிப் பின்னால் ஏறிக்கொண்டான்.

ஊரை விட்டு வெளியே வருவதற்குள் என் இடது கால் வலித்தது. கிளட்ச் அவ்வளவு கனம். மலையடிவாரத்தில் புது வண்டிகள் மாலையும் எலுமிச்சம்பழமுமாக வரிசையில் நின்றதால், நகர்ந்து நகர்ந்துதான் போக முடிந்தது. அதன் பிறகு ரோடு திறந்துகொண்டது. இரண்டு பக்கமும் நிலக்கடலை, மாந்தோப்பு, தூரத்தில் பாறைக் குன்றுகள். ஆர்.கே. பேட்டையைத் தாண்டி அம்மையார்குப்பம் தெருவுக்குள் நுழைந்ததும், வீட்டுக்கு வீடு பவர்லூம் ஓடுகிற சத்தத்தில் ஜீப்பின் சத்தமே காணாமல் போனது. ஓடையில் நெம்புகோலை இழுத்தேன். ஆட்டோக்கள் முகம் சுளிக்கிற மணலை ஜீப் சும்மா நடந்து கடந்தது. சீனு மட்டும் பின்னாலிருந்து, "தல போச்சி நைனா" என்றான். மேல் கம்பியில் இடித்துக்கொண்டுவிட்டான்.

பாவா வாசலில் வெள்ளைச் சட்டையோடு நின்றார். ஜீப்பைச் சுற்றி வந்து பானட்டைத் தட்டினார்.

"மச்சான், இது வண்டி இல்ல. யானை."

"புடிச்சிருக்குதா பாவா?"

"முன்சீட் யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

"அப்ப புடிச்சிருக்குது."

அக்கா சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கப் படியில் ஏறி பெஞ்சில் உட்கார்ந்தாள். பாவா முன்னால் உட்கார்ந்து, கதவோரக் கம்பியில் மாட்டியிருந்த கைப்பிடியை இடது கையால் பிடித்துக்கொண்டு, "போலாம், ரைட்!" என்றார். திருத்தணி வரைக்கும் அவர் கை ஓயவில்லை. டீக்கடைக்காரர், லுங்கி மூட்டையோடு நின்றவர், பஸ் ஸ்டாப்பில் இருந்த பெண்கள் என்று எல்லாருக்கும் வணக்கம். ஒருவர் ஓடி வந்து, "இன்னா கண்டக்டரே, மந்திரி ஆய்ட்டியா?" என்று கேட்டார். "இன்னும் இலாகா குடுக்கல" என்று பாவா பதில் சொன்னார். முப்பது வருடம் நின்றபடியே போன ரோட்டில் உட்கார்ந்து போகிற சந்தோஷம் அவருக்கு. முன்பணத்தை அன்று மாலையே கொடுத்துவிடலாம் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

சீனுவை அவன் கொட்டகையில் இறக்கிவிட்டோம். மருத்துவமனையில் நாலு மணி நேரம் ஆனது.

திரும்பும்போது வந்தது வேறு பாவா. டயாலிசிஸ் முடிந்த உடம்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பிழிந்து உதறிய துணி மாதிரி இருப்பார்கள். இடது முன்கையில், ஊசி குத்தி எடுத்த இடத்தில் கட்டுப் போட்டிருந்தார்கள். அந்தக் கையில்தான் அறுவை செய்து ரத்தக் குழாயைத் தயார் செய்திருக்கிறார்கள். ஊசி எடுத்த பிறகு அந்தக் கையால் எதையும் இறுகப் பிடிக்கக்கூடாது, அதில் கனம் தூக்கக்கூடாது. ஜீப் படியில் ஏறவே அவருக்கு இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. காலையில் ஒரே தாவில் ஏறிய படிதான்.

ஊருக்கு வெளியே முதல் வேகத்தடையில் ஜீப் தூக்கிப் போட்டது. இரண்டாவது பள்ளத்தில் அவர் கை தானாகப் போய்க் கைப்பிடியைப் பிடித்தது. பக்கத்துத் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். மெதுவாக ஓட்டினாலும் அந்த வண்டியின் இரும்புப் பட்டை ஸ்பிரிங்குகளுக்கு இரக்கம் கிடையாது. ஆர்.கே. பேட்டைக்கு முன்னால் அக்கா பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"டேய் தம்பி, நிறுத்துடா! கட்டு நனையுது!"

வெள்ளைத் துணியில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. நான் ஓரம் கட்டினேன். அக்கா இறங்கி ஓடி வந்து, கதவைத் திறந்து, ரோட்டில் நின்றபடியே கட்டின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தாள். பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

"அந்தக் கையால ஏன் புடிச்சீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"புடிக்கறதுக்கு வேற எங்க கீது?" என்றார் பாவா.

அப்போதுதான் பார்த்தேன். முன்னால் இடது பக்கம் உட்காருகிறவருக்குக் கைப்பிடியும் இடது பக்கம்தான். வலது கைக்குப் பிடிப்பே கிடையாது. வலது பக்கம் கைப்பிடி வேண்டுமானால், டிரைவருக்குப் பின்னால் உட்கார வேண்டும். அங்கே இந்த ஜீப்புக்குக் கதவு கிடையாது. இருப்பது பெஞ்சும், சீனு தலையை இடித்துக்கொண்ட கம்பியும். மணல், தண்ணீர், இன்ஜின் என்று எல்லாம் யோசித்த நான், எந்தப் பக்கத்துக் கை என்று யோசிக்கவில்லை. அதைவிட முக்கியமாக, வண்டியைக் காலையில் மட்டும் பரீட்சை செய்திருந்தேன். காலையில் பாவாவுக்கு எந்த வண்டியும் சரிதான்.

மிச்ச வழி முழுக்க அக்கா பின்னாலிருந்து குனிந்து, அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டே வந்தாள்.

அன்று சாயங்காலம் ஜீப்பைத் திருப்பிக் கொடுத்தபோது சீனு வாதாடவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தான். பிறகு கொட்டகையின் கடைசிக்குக் கூட்டிக்கொண்டு போனான். சாம்பல் நிறத்தில் ஒரு வண்டி நின்றது. உயரம்தான், ஆனால் கார் மாதிரி நாலு கதவு, பட்டைக்குப் பதிலாகக் குலுக்கலை வாங்கிக்கொள்ளும் காயில் ஸ்பிரிங். இதற்கும் நாலு சக்கர இழுவை உண்டு. பெட்ரோல் வண்டி. வலது பக்கம் நீளமாக ஒரு கீறல். ஐந்து லட்சத்து அறுபதாயிரம்.

"இத யாரும் திரும்பிப் பாக்கல நைனா. ஜீப்புக்கு வர்றவனுக்கு இது கார். காருக்கு வர்றவனுக்கு இது ஜீப்."

"நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காரறேன்" என்றேன்.

"இன்னாது?"

"டிரைவருக்குப் பின்னாடி. ஊரச் சுத்தி ஒரு ரவுண்டு போ."

என் இடது கையைத் துண்டால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். சீனு கட்டிவிட்டான். ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"இருவது வருஷமா வண்டி விக்கறேன். வாங்கறவன் கையக் கட்டிகினு பின்னாடி குந்தறத இப்பதான் பாக்கறேன்."

ஏரிக்கரை மண்பாதை, தாலுகா ஆபீஸ் பக்கத்துக் குழிகள், நெருக்கமாக ஏழெட்டு வேகத்தடை இருக்கிற ஒரு தெரு என்று எல்லா வழியிலும் போகச் சொன்னேன். வலது கைக்கு மேலே பிடி சரியாக இருந்தது. குலுங்கியது, ஆனால் தூக்கிப் போடவில்லை. படி முழங்காலுக்குக் கீழே. திரும்பும்போது நான் ஓட்டினேன். கிளட்ச் லேசாக இருந்தது. பஸ் ஸ்டாண்டு நெரிசலில் கால் வலிக்கவில்லை. ஆபீசுக்குப் போகிறவனுக்கு அது போதும்.

முன்பணம் கொடுத்து வண்டியை எடுத்துக்கொண்டேன். "புதன்கிழமை பாவா சரின்னாத்தான் மீதி" என்று பேச்சு. சீனு ஒத்துக்கொண்டான்.

பாவாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து சாப்பிடும்போது, பின்சீட் என்று ஆரம்பித்தேன். பாவா தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"பின்னாடி உக்காந்தா சீக்காளி."

"போகும்போது முன்னாடிதான் பாவா. ஊசி போடறதுக்கு முன்னாடி நீங்கதான் மந்திரி. வரும்போது மட்டும் பின்னாடி."

அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். அக்கா என்னைப் பார்த்தாள், நான் அப்பளத்தைப் பார்த்தேன். ஒரு வாய் சாப்பிட்ட பிறகு பாவா சொன்னார்:

"என் பஸ்ல பின்னாடி ஏறி முன்னாடி எறங்குவாங்க. நான் முன்னாடி ஏறிப் பின்னாடி எறங்கறேன். இன்னா இப்போ, டிக்கெட் கிழிக்கவா போறாங்க?"

செவ்வாய் இரவு நல்ல மழை. புதன் காலையில் ஓடையில் கெண்டைக்கால் அளவு தண்ணீர், செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதலில் நடந்தே அக்கரைக்குப் போய்ப் பார்த்தேன். தரை கெட்டியாக இருந்தது, இழுப்பும் அதிகம் இல்லை. திரும்பி வந்து, நாலு சக்கரத்தையும் சேர்த்து, முதல் கியரில் நிறுத்தாமல் விட்டேன். சாம்பல் வண்டி முனகிக்கொண்டே ஏறியது. அக்கரையில் ஆட்டோவோடு நின்ற இரண்டு பேர் வாயைத் திறந்தபடி பார்த்தார்கள். முன்சீட்டிலிருந்து பாவா அவர்களுக்கும் ஒரு வணக்கம் வைத்தார்.

முதல் வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்டால் ஒன்று சொல்வேன். காலையில், குளித்து, சாப்பிட்டு, ஆசையோடு ஓட்டிப் பார்க்கிற வண்டியை நம்பாதீர்கள். உங்கள் வீட்டில் மிகவும் களைத்துப்போனவர் யாரோ, அவர் மிகவும் களைத்த நேரத்தில் அதில் வீடு திரும்பட்டும். அப்புறம் நிறத்தைப் பற்றிப் பேசலாம்.

நாலு மணிக்கு மருத்துவமனையிலிருந்து கிளம்பினோம். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்து, வலது கையால் மேல்பிடியைப் பிடித்தபடி பாவா எனக்குப் பின்னால் உட்கார்ந்தார். அக்கா முன்னால். இருபத்தெட்டு வருடக் கல்யாணத்தில், பஸ்ஸோ ஆட்டோவோ கல்யாண வேனோ, அவள் முன்சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. கொஞ்ச தூரம் கைப்பையை இறுகப் பிடித்தபடி வந்தாள். பிறகு பையைக் காலடியில் வைத்தாள்.

"ஏண்டா, இந்த ரோட்டுல இவ்ளோ புளியமரமா கீது?"

"எப்பவும் இருக்குதுக்கா."

"எனுக்கு மூட்டையும் முதுகும்தான் தெரியும்" என்றாள்.

ஆர்.கே. பேட்டை தாண்டியது. கண்ணாடியில் பார்த்தேன். பாவாவின் கை பிடியிலிருந்து நழுவித் தொடையில் கிடந்தது. வேகத்தைக் குறைத்தேன். அக்கா திரும்பிப் பார்த்துவிட்டு, வாயில் விரல் வைத்துக் காட்டினாள். பாவாவின் தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்தார். டயாலிசிஸ் நாளில் அவர் வழியில் தூங்கி அவள் பார்த்ததில்லையாம்.

லூம் சத்தத்துக்கு நடுவே ஊரைக் கடந்தோம். அவர் எழவில்லை. ஓடைக்கு வந்தபோது தண்ணீர் பாதியாக வடிந்திருந்தது. இதுவரைக்கும் எந்த ரோட்டிலும் ஓட்டாத அளவு மெதுவாக அந்த ஓடையில் இறக்கினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஜெபித்தாள். முன்சக்கரம் ஏறியது, பின்சக்கரம் ஏறியது. கண்ணாடியில் பாவாவின் தலை ஒரு முறை அசைந்து, திரும்ப அதே இடத்தில் சாய்ந்தது.

வீட்டு வாசலில் இன்ஜினை நிறுத்தினேன். கதவில் கை வைத்தேன்.

"எழுப்பாத. இரு" என்றாள் அக்கா.

இருந்தோம். ஆவடியில் இந்த நேரத்தில் என் தெருவில் ஹாரன் காதைக் கிழிக்கும். இங்கே தண்ணீர் வடிகிற சத்தம் மட்டும் கேட்டது. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. சீனு.

"இன்னா நைனா, பாவா இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல" என்று குசுகுசுத்தேன். "தூங்கறாரு."

"வண்டியிலயா? ஓடை தாண்டிட்டீங்களா?"

"தாண்டிட்டோம். இன்னும் தூங்கறாரு."

அந்தப் பக்கம் சீனுவும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"சரி சரி, நீ போன வெய்யி. மீதிய காலைல பேசிக்கலாம்."