குருசடி வளைவில் உட்காரும் கண்டக்டர்

சாலையோரச் சிலுவை நிற்கும் குருசடி வளைவு வந்ததும் மோளிக்குட்டி சேச்சி உட்கார்ந்துவிடுவாள். கூட்டம் நெரிந்தாலும் சரி, பாதிப் பேருக்கு டிக்கெட் பாக்கி இருந்தாலும் சரி, கண்டக்டர் இருக்கையில் அவள் உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். "காசைக் கை மாத்தி அனுப்புங்க. டிக்கெட்டு தானா நடந்து வரும்" என்பாள். தேயிலைத் தோட்டத்து வாசல்வரை அந்தக் கட்டப்பனைப் பேருந்தில் எல்லாம் ஜனங்களின் கைவழியாகத்தான் போய்வரும். வாசல் வந்ததும் எழுந்தால் பழைய சேச்சி. படியிலேயே நிற்கிறவனைப் பார்த்து, "உள்ள போடா மோனே, நீ விழுந்தா உங்கம்மா எனக்குத்தான் சாபம் விடுவா" என்பாள்.

மார்பில் புற்றுநோய் வந்து, அறுத்து, மருந்தேற்றி, முடி திரும்ப முளைத்து வேலைக்கு வந்தவள் அவள். நோய் போய்விட்டது, அசதி போகவில்லை. விடிய விடியத் தூங்கி எழுந்தாலும் நனைந்த சாக்கைத் தோளில் போட்டது போல ஒரு கனம். ஆஸ்பத்திரியில் அதைச் சொல்ல வாயெடுத்தாள். "ஸ்கேன் சுத்தமா இருக்கு, சந்தோஷமாப் போங்க" என்றார் டாக்டர். அதற்குள் அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். கணவன் குரியாச்சன் ஆட்டுக்கால் சூப்பு வைத்துப் பார்த்தான். டிப்போவில் மேசை வேலை தருவதாகச் சொன்னார்கள். "ஓடுற வண்டியிலயே நின்னு பழகுனவ நான். ஆடாத நாற்காலில உக்காந்தா வாந்தி வரும் சாரே" என்று சொல்லிவிட்டாள். அந்தத் திமிர் அவளுக்கு அழகுதான்.

ஆனால் அதே திமிர்தான், வீடுதேடி வந்து நோயாளிகளைப் பார்க்கும் பாலியேட்டிவ் வண்டியை வாசலுக்கு வரவிடவில்லை. மலையில் அந்த வெள்ளை வண்டி ஒரு வீட்டின் முன் நின்றால் போதும், அக்கம்பக்கத்தார் சாவுப் பந்தலுக்கு ஆள் சொல்லிவிடுவார்கள். "நான் சாகப்போறவ இல்ல பிந்துவே, என் வாசல்ல நிறுத்தாத" என்றாள் அந்த வண்டியில் வரும் நர்ஸிடம். பிந்து லேசில் விடுகிறவளா? டிக்கெட் எடுத்துப் பேருந்திலேயே ஏறினாள். சேச்சியின் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு வைத்தியம் சொன்னாள்: "களைச்ச பிறகு உக்காராதீங்க சேச்சி. களைக்கிறதுக்கு முன்னாடியே உக்காருங்க. தினம் கொஞ்சம் நடங்க. ரத்தத்தையும் ஒரு தடவை பாத்துடலாம்." குருசடி வழக்கம் அப்படிப் பிறந்ததுதான். "நின்னுக்கிட்டு மேய்க்கிற எவனும் எங்க சேச்சி உக்காந்து மேய்க்கிறதுக்கு ஈடாக மாட்டான்" என்று டிரைவர் சசாங்கன் டீக்கடை தோறும் பீற்றிக்கொள்வான்.

போன வாரம் ஷிஜி என்ற இளம்பெண் ஏறினாள். அவளுக்கும் அதே சிகிச்சை முடிந்து, ஷாலுக்கடியில் குட்டைமுடி எட்டிப் பார்த்தது. சேச்சி தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"அடுப்புக்கிட்ட நின்னா கால் துவளுது சேச்சி. சோம்பேறிங்கிறாங்க வீட்டுல."

"பிந்துவைக் கூப்பிடு மோளே."

"அந்த வண்டி வாசலுக்கு வந்தா ஊர் என்ன நினைக்கும்? நீங்களே வரவிடலையாமே."



குருசடி தாண்டியதும் எதிரே அந்த வெள்ளை வண்டி. குறுகலான பாதை, சசாங்கன் ஒதுக்கி நிறுத்தினான். ஜன்னலுக்கு நேராக பிந்துவின் முகம். வழக்கமாக இப்படி எதிர்ப்பட்டால் சேச்சி குனிந்து டிக்கெட் மெஷினில் எதையோ தேடுவாள். அன்று, உட்கார வேண்டிய இடத்தில், எழுந்து நின்றாள். பேருந்து முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"பிந்துவே, சாயந்திரம் வண்டியை என் வீட்டுக்குக் கொண்டு வா. ரோட்டோரத்துல வேணாம். நேரா வாசல்ல நிறுத்து."

பிறகு உட்கார்ந்தாள். ஒரு கையால் ஷிஜியின் கையைப் பிடித்துக்கொண்டு, புறப்படச் சொல்லி மறுகையால் மணிக்கயிற்றை இரண்டு முறை இழுத்தாள்.