சங்கத் தலைவியின் வள்ளம்

ஏரிச் சங்கத்தில் தொண்டராகச் சேரும்படி என்னைக் கேட்டபோது, ஏன் என்னைக் கேட்கிறார்கள் என்றுதான் முதலில் யோசித்தேன்.

எங்கள் ஏரி மொன்றியலுக்கு வடக்கே ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் இருக்கிறது. அதைச் சுற்றி ஷாலே என்று சொல்லப்படும் கோடைகால மரவீடுகளை வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் மொன்றியல்காரர்கள். அதனால் சங்கத்தின் ஏப்ரல் மாதக் கூட்டத்தை மொன்றியலிலேயே, அஹுன்ட்சிக் பகுதியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வைப்பார்கள். நாங்களும் மொன்றியலில்தான், பியர்பொன்ட்ஸில் இருக்கிறோம். ஷாலே வாங்கிச் சில வருடங்கள் ஆகியும் நான் கூட்டத்துக்குப் போனது அதுதான் முதல் தடவை. மனைவியும் கூட வந்திருந்தாள். அந்த ஏரிக்கரையில் எங்களைத் தவிர வேறு தமிழர் இல்லை. தமிழர் என்ன, நிறம் கறுத்த குடும்பமே எங்களைத் தவிர வேறு இல்லை.

அன்றைய கூட்டம் முழுக்க ஒரு நீர்க்களையைப் பற்றியது. அது வெளியிலிருந்து வருவது, படகின் அடியில் ஒரு துண்டு ஒட்டிக்கொண்டு வந்தாலே போதும், பிறகு குடும்பம் குடும்பமாகப் பெருகி ஏரியைப் பிடித்துவிடும் என்று சங்கத் தலைவி விளக்கினார். எழுபது வயதைத் தாண்டிய, ஒல்லியான, ஓய்வுபெற்ற ஆசிரியை அவர். அவர் அப்படிச் சொன்னதும் நான் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

கூட்டம் முடிந்து கோப்பி குடிக்கும்போது தலைவி நேரே என்னிடம் வந்தார். இப்போது உங்களுக்கு வேலை இல்லைத்தானே, சனிக்கிழமைகளில் வந்து உதவலாமே என்றார். நான் ஓய்வுபெற்றது இவருக்கு எப்படித் தெரியும்? பார்க் எக்ஸ்டென்ஷனில் மரக்கறிக் கடை வைத்திருக்கும் என் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் முருங்கைக்காயைக் கட்டிக்கொண்டே, "சும்மா கேக்கமாட்டினம் அண்ணை. உள்ளுக்க எடுத்து வைச்சுக்கொண்டு உங்களைக் கவனிக்கப் போகினம்" என்றார். எனக்கும் அதுதான் பட்டது. ஆனாலும் சேர்ந்தேன். உள்ளே இருந்தால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நானும் கவனிக்கலாம் அல்லவா.

என் குணத்துக்கு என் தொழிலும் ஒரு காரணம். சான் லோரோனில் ஒரு தொழிற்சாலையில் விமான உதிரிப்பாகங்களைச் சோதிப்பதுதான் என் வேலை. மயிரிழை வெடிப்பு எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடியால் பார்க்கவேண்டும். பழுது இல்லை என்று தெரியும்வரை ஒவ்வொன்றிலும் பழுது இருக்கிறது என்றே நினைக்கவேண்டும். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் தந்தார்கள். சம்பளம் நின்ற பிறகும் அந்தப் பழக்கம் நிற்கவில்லை.

அந்த வருடம் நான் பயந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அது என் மனைவி. மாசி மாதத்தில் யாழ்ப்பாணத்தில் அவளுடைய ஒரே தங்கச்சி இறந்துபோனாள். காலையில் நெஞ்சுவலி என்றார்கள், மத்தியானம் ஆள் இல்லை. நாங்கள் ரிக்கற் தேடி முடிப்பதற்குள் அங்கே தகனம் நடந்துவிட்டது. செத்தவீட்டை எங்கள் சாப்பாட்டு மேசையில் தொலைபேசியைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். முப்பத்தோராம் நாள் அங்கே அந்தியேட்டிச் சடங்கு முடிந்தது. வெளியே இடுப்பளவு பனி கிடக்க, நாங்களும் வீட்டில் படைத்து நாலு பேருக்குச் சாப்பாடு கொடுத்தோம். அதற்குப் பிறகு அவள் கதைப்பது குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. பிள்ளைகள் ரொறொன்ரோவிலிருந்து வந்து பார்த்துவிட்டு, அம்மாவை ஷாலேக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்கள்.

மே மாதம், ஏரியில் ஐஸ் போனதும் போனோம். ஒரு கிழமைக்குள் அவள் விடியமுன் தானாகவே எழும்பினாள். எழும்பிப் போய் ஏரியில் இறங்கினாள். நம் ஊர்ப் பெண்கள் குளிப்பதுபோல உடுத்த உடுப்போடு கழுத்தளவு தண்ணீரில் நின்றுவிட்டு வந்தாள். பல்லுக் கிட்டிக்கும் குளிர் அது. எனக்கு முதலில் திடுக்கென்றது, பிறகு விளங்கியது. செத்தவீட்டுக்குப் போனால் முழுகவேண்டும். தொலைபேசியில் பார்த்த செத்தவீட்டுக்குக் குளியலறைக் குழாய்த் தண்ணீர் அவளுக்குப் போதவில்லை. இப்போது ஒரு நீர்நிலை கிடைத்திருக்கிறது, முழுகிவிட்டு வருகிறாள். மாசிக்குப் பிறகு அவள் விரும்பிச் செய்த ஒரே காரியம் அதுதான். அதை மருந்து என்றே நினைத்தேன். சொட்டச் சொட்ட வந்து மரத்தரையை நனைக்கிறாள் என்று இரண்டொரு தடவை முணுமுணுத்ததைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அது கிடைக்கவேண்டும், ஒருவரும் அதில் கைவைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

அப்போதுதான் அந்த வள்ளத்தைக் கவனித்தேன்.

தலைவியிடம் சிவப்பு நிறத்தில் ஒரு சின்ன வள்ளம் இருந்தது. ஏரியின் மறுகரை அவருடையது. விடியற்காலையில் அங்கிருந்து துடுப்புப் போட்டு வருவார். மற்ற வீடுகளைத் தாண்டி வந்து எங்கள் கரைக்கு முன்னால் நாணல் பக்கமாக நிறுத்துவார். மீன் பிடிப்பதில்லை, படம் எடுப்பதில்லை, சும்மா நிற்பார். என் மனைவி கரையேறியதும் வள்ளத்தைத் திருப்புவார். முதல் நாள் தற்செயல் என்று நினைத்தேன். ஒவ்வொரு நாளும் நடக்கிற தற்செயலை நான் வேலை செய்த இடத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

சனிக்கிழமைகளில் தொண்டு வேலை தொடங்கியது. படகு இறக்கும் துறையில் நின்று, வெளியிலிருந்து வரும் படகுகளின் அடியை அழுத்தத் தண்ணீரால் கழுவவேண்டும். மோட்டாரில் களைத்துண்டு ஒட்டியிருக்கிறதா என்று விரலைவிட்டுத் தடவிப் பார்க்கவேண்டும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன். ஒரு துண்டு பாசிகூட என்னைத் தாண்டிப் போகவில்லை. சிலர் என் பிடிவாதத்தைக் கண்டு முகத்தைச் சுளித்தார்கள், தலைவி மட்டும் பாராட்டினார். பாராட்டிவிட்டுக் கேள்வி கேட்பார். உங்கள் மனைவிக்கு நீந்தத் தெரியுமா? அவர் நன்றாக நித்திரை கொள்கிறாரா? நீங்கள் காலையில் எத்தனை மணிக்கு எழும்புவீர்கள்? என் தொழிற்சாலைப் பிரெஞ்சில் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு, இவர் எதற்காகக் கேட்கிறார் என்று இரவு முழுவதும் புரண்டேன்.

ஒரு நாள் துறையில் ஒட்டியிருந்த சங்க விதிகளைப் படித்தபோது எல்லாம் வெளித்தது. ஏரியில் சவர்க்காரமோ ஷாம்புவோ போட்டுக் குளிக்கக் கூடாது. அதனால் பாசி பெருகும். சரிதான், இந்த மனிசி சவர்க்காரத்தைத்தான் பிடிக்கப் பார்க்கிறது. கையும் களவுமாகப் பிடித்துக் கூட்டத்தில் சொல்லி, எங்களை நாறடித்து, குளிக்கவே விடாமல் செய்யப்போகிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் மனைவி வெறும் தண்ணீரில் நின்றுவிட்டு வருகிறாள். அவளை ஒரு வார்த்தை சொன்னால் நான் சும்மா விடமாட்டேன் என்று எனக்குள்ளேயே சபதம் போட்டேன்.

ஆதாரத்தோடு பிடிக்க நினைத்து, ஒரு காலை அவளுக்கு முன்னாலேயே எழும்பி விறகு அடுக்கியிருந்த இடத்துக்குப் பின்னால் போய் நின்றேன். மனைவி வந்து இறங்கினாள். வள்ளமும் வந்தது. தலைவி துடுப்பைக் குறுக்கே வைத்துவிட்டு, சற்று முன்னுக்குக் குனிந்து, எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். குளிருக்குக் கைகளைக் கக்கத்துக்குள் வைத்திருந்தார். நான் அவருடைய முகத்தையும் துடுப்பையும் அந்தச் சிவப்பு வள்ளம் அசைவதையும் விடாமல் பார்த்தேன். தண்ணீரில் நின்ற என் மனைவியைப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை நடுவில் ஏரிக்கரையில் சங்கத்தின் கோடைக் கூட்டம் வர இருந்தது. அதில் ஒரு பிரேரணை கொண்டுவர முடிவுசெய்தேன். மற்றவரின் கரைக்கு முன்னால் எந்தப் படகும் வள்ளமும் காரணமில்லாமல் நிற்கக் கூடாது. துறையில் படகு கழுவியபோது என்னோடு நின்ற இரண்டு பேரிடம் பொதுவாகப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். நல்ல யோசனை, ஆதரிக்கிறோம் என்றார்கள். பெரிய வெற்றி கிடைத்தவன் மாதிரி அன்று வீட்டுக்குப் போனேன்.

கூட்டத்துக்கு முந்தின சனிக்கிழமை தலைவி என்னைத் தன் வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு ஏரி நடுவுக்குப் போனார். தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்கும் நாள் அது. கறுப்பும் வெள்ளையும் பூசிய ஒரு தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கவேண்டும். தட்டு கண்ணுக்குத் தெரியாமல் மறையும் இடத்தில் கயிற்றைப் பிடித்து ஆழம் பார்க்கவேண்டும். நான் கயிற்றை விட்டுக்கொண்டிருந்தேன். சுற்றிவர ஒருவரும் இல்லை. கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன். என் மனைவி சவர்க்காரம் பாவிப்பதில்லை, நீங்கள் ஒவ்வொரு நாளும் வந்து நின்று பார்க்கத் தேவையில்லை என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. "சவர்க்காரமா?" என்று கேட்டார். பிறகு துடுப்பை உள்ளே எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார். "உங்களிடம் எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் உங்களைச் சங்க வேலைக்குள் இழுத்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டுப் பார்த்தேன். ஏப்ரலில் உங்கள் மனைவியும் மண்டபத்துக்கு வந்திருந்தாரே, அவருடைய முகத்தைப் பார்த்தேன். பிறகு அவர் தண்ணீரில் இறங்குவதையும் பார்த்தேன்."

நான் சிரித்துவிட்டேன். அப்பாடா என்று இருந்தது எனக்கு. இந்த மனிசி என்னென்னவோ கற்பனை செய்திருக்கிறது. எங்கள் பெண்கள் உடுப்போடுதான் குளிப்பார்கள், வீட்டில் ஒருவர் இறந்தால் முழுகவேண்டும், அது எங்கள் வழக்கம், அவளுடைய தங்கச்சி இறந்துவிட்டாள் என்று விளக்கினேன். அவருடைய வழக்கத்தில் கறுப்பு உடுப்பு மாதிரி எங்களுக்கு இது என்றும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். தன் தோழியின் துக்கத்தைக் கேட்பதுபோல அவருடைய முகம் இளகியது.

"எத்தனை நாளைக்கு முழுகவேண்டும்?" என்று கேட்டார்.

முப்பத்தொரு நாளோடு எல்லாம் முடியும் என்று சொல்ல வாய் எடுத்தேன். அந்த முப்பத்தொன்று ஏரி ஐஸாக இருந்தபோதே முடிந்துவிட்டது. செத்தவீட்டு முழுக்கு என்றால் அது ஒரு நாள். அதற்குப் பிறகு எந்த வழக்கத்திலும் எவரும் முழுகுவதில்லை. நாங்கள் வந்தது மே, இப்போது ஜூலை.

அவர் என் பக்கமாகக் குனிந்தார். "குளிக்க வருபவர்கள் தலை துவட்ட ஒரு துவாயைக் கரையில் வைத்துவிட்டு இறங்குவார்கள். உங்கள் மனைவி ஒரு நாளும் துவாய் கொண்டுவந்ததில்லை" என்றார்.

கயிறு என் விரல்களுக்குள்ளால் ஓடியது. தட்டை எவ்வளவு ஆழத்துக்கு விட்டேன் என்று தெரியவில்லை. அவர் என் கையிலிருந்து கயிற்றை வாங்கித் தட்டைத் தானே மேலே இழுத்தார். இன்று அளக்கவேண்டாம் என்று சொல்லி எங்கள் கரையில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

மனைவி சமையலறையில் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் எதிர்க் கதிரையில் இருந்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக ஒன்றாக இருக்கிறோம், அவளோடு கதைக்க எனக்குப் பயமாக இருந்தது.

"இஞ்சை, குளிக்கப் போகேக்க ஏன் துவாய் கொண்டுபோறேல்லை?" என்று கேட்டேன்.

அவள் கத்தியை வைத்தாள். நறுக்கிய காயை ஒரு பக்கமாக ஒதுக்கினாள். இவ்வளவு நாளும் இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவள்போல மெல்லச் சொன்னாள்.

"துவாய் எடுக்கிற யோசினை வாறேல்லையப்பா. இண்டையோட சரி எண்டு நினைச்சுத்தான் ஒவ்வொரு நாளும் இறங்குறனான். பேந்து பார்த்தா அந்த மனிசி வள்ளத்தில நிக்குது. அந்த வயசில, அந்தக் குளிருக்குள்ள. நான் கரையேறினாத்தான் அது வீட்டை போகும். பாவம் எண்டுபோட்டு ஏறி வந்திடுவன்."

நான் எழும்பிப் போய் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று நினைத்தேன், அழுகைதான் வந்தது. பிறகு அவளும் அழுதாள். மாசிக்குப் பிறகு அவள் சத்தம் வைத்து அழுதது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை மொன்றியலுக்கு வந்து குடும்ப வைத்தியரைப் பார்த்தோம். அவர் அனுப்பிய இடத்துக்கும் போனோம். மாத்திரையும் பேச்சுமாக அது நீண்ட நாள் எடுத்தது. இப்போது இதை எழுதும்போது அவள் பக்கத்து அறையில் மகளோடு தொலைபேசியில் சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறாள், அந்தச் சத்தம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அந்தப் பிரேரணையை நான் கொண்டுவரவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

ஆனால் திங்கட்கிழமைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருந்தது. அன்று விடியும்போது அவளுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இரண்டு மாதமாகப் பக்கத்திலேயே இருந்தும் ஒன்றையும் காணாதவன் நான், என்னை மட்டும் நம்பி அவளை விட எனக்குத் துணிவு வரவில்லை. அந்தச் சனிக்கிழமை பின்னேரமே தலைவிக்குத் தொலைபேசி எடுத்தேன். நாளைக் காலையும் வள்ளத்தைக் கொண்டுவந்து எங்கள் கரைக்கு முன்னால் நிறுத்தமுடியுமா என்று கெஞ்சிக் கேட்டேன்.