ஒரு கவுனும் பதினொரு துண்டுகளும்

அலமாரியின் மேல்தட்டில் ஒரு கட்டைப்பை இருக்கிறது. இன்று காலையில் போர்வை எடுக்கப் போனபோது அது சரிந்து என் முகத்தில் விழுந்தது. பழைய பருத்தித் துணியின் வாசனை, கொஞ்சம் அந்துருண்டை, கொஞ்சம் மெஷின் எண்ணெய். உள்ளே இருப்பது ஒன்பது மாதக் குழந்தைக்குத் தைத்த கவுன், பதினொரு துண்டுகளாக. வெட்டியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதி வழியில் நீங்கள் என் மகள் மேல் பழியைப் போடுவீர்கள்.

மகள் தாரணி கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ஆறு மாதமாக வீட்டில் இருக்கும் துணியை வைத்தே புதுத் துணி தைப்பது என்று கிளம்பியிருந்தாள். அவள் அப்பாவின் லுங்கி பாவாடையாயிற்று. என் நைட்டி பையாயிற்று. சோபா உறை ஒருநாள் அவள் தோளில் ஓவர்கோட்டாகக் கல்லூரிக்குப் போனது. ரோட்டோரத்தில் டி-ஷர்ட்டைக் குவித்துப் போட்டுக் கூவி விற்கிற ஊர் இது. இங்கே ஒரு பெண் பழையதைக் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பெற்றவளுக்கு எரிச்சல் வராதா?

"நல்லாத்தானே இருக்குது, அத எதுக்கு வெட்டறே?" என்பேன்.

"நல்லா இருக்கறதத்தானேம்மா வெட்ட முடியும்?" என்பாள், கத்தரியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

எரிச்சல் என்று சொன்னேனே, அது முழு உண்மை இல்லை. அந்தக் கத்தரிச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

பத்தொன்பது வயதில் வெள்ளகோவிலிலிருந்து வந்து, வீரபாண்டிப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தேன். லைன் வீட்டில் ஒரு அறை. கூட இருந்தவள் இசக்கி, தென்காசிப் பக்கத்துக்காரி, டெய்லர். எனக்கு மூன்று டாப்ஸ், அவளுக்கு மூன்று. இரண்டு பேரும் ஒரே உயரம், ஒரே ஒல்லி. (சிரிக்காதீர்கள், அப்போது ஒல்லிதான்.) முதலில் துப்பட்டாவை மாற்றிப் போட்டோம். பிறகு பேண்ட்டை. கடைசியில் இசக்கி கையை வெட்ட ஆரம்பித்தாள். அவள் டாப்ஸின் கையை என்னுடையதில் வைப்பாள், என்னுடைய கழுத்துப் பட்டியை அவளுடையதில் வைப்பாள். கம்பெனியில் மிஞ்சும், இழுத்தால் நீளும் ரிப் துணியை ஓரத்துக்குக் கொடுத்துவிடுவாள். ஆறு டாப்ஸை வைத்துக்கொண்டு வாராவாரம் திங்கட்கிழமை புதுசு உடுத்திப் போனோம். சூப்பர்வைசர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டே விட்டார்.

"ஏனுங்க, நீங்க ரெண்டு பேரும் சம்பளத்த அப்படியே துணிக்கடையில குடுத்துப்போட்டுப் பட்டினி கெடக்கறீங்களா?"

இசக்கிக்கு அன்றைக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே. "ஏட்டி, எது ஒன் துணி எது என் துணின்னு ஒருத்தனுக்கும் தெரியக் கூடாது. அதாம்ட்டி தையலு" என்றாள்.

அப்படித் தைத்ததில் கடைசியாக மிஞ்சியது ஒரு பச்சை டாப்ஸ். உடம்பு என் துணி, வெள்ளைப் பூப் போட்ட கிளிப்பச்சை. கையும் கீழ்ச்சுற்றும் அவளுடையது, புள்ளி போட்ட அடர்பச்சை. இசக்கிக்குக் கல்யாணம் நிச்சயமாகி அவள் ஊருக்குப் போகும்போது அதை யார் வைத்துக்கொள்வது என்று எங்களுக்குள் சண்டை. நீ வைத்துக்கொள் என்று நான், நீயே வைத்துக்கொள் என்று அவள். ஊர் பஸ்ஸில் அவளை ஏற்றிவிட்டு அறைக்குத் திரும்பினால் அது என் தலையணைக்கு அடியில் இருந்தது. ஒரு கடிதம் வந்தது. நான் இரண்டு போட்டேன். அப்புறம் ஒன்றும் இல்லை.

இப்போது ஒரு ஊசிக் கதைக்கு வர வேண்டும்.

கம்பெனியில் ஊசி உடைந்தால் லைனே நின்றுவிடும். உடைந்த துண்டுகள் எல்லாம் கிடைத்தாக வேண்டும். கிடைத்ததை முழு ஊசியாக ஒட்டு சேர்த்து, ரெஜிஸ்டரில் செல்லோ டேப் போட்டு ஒட்டி, மெஷின் நம்பர் எழுத வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தத் துணிக்கட்டில் இருக்கும் அத்தனை பீஸும் வெளியே போகாது, வெட்டி எறிய வேண்டியதுதான். "எங்கியோ ஒரு கொழந்த போடற துணிங்க இது. குத்துச்சுன்னா அதுக்குச் சொல்லத் தெரியுமுங்களா?" என்பார் சூப்பர்வைசர். இன்று அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கிறேன், குவாலிட்டி இன்சார்ஜாக. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு, பாதிப் பேர் இந்திக்காரப் பிள்ளைகள், கையைக் காட்டி மெஷினைக் காட்டிச் சொல்லிக்கொடுப்பேன். ஊசி உடைந்ததா, எழுந்திருக்காதே. துணியை உதறாதே. முதலில் மெஷினுக்குள் பார். எத்தனை வருடமாகச் சொல்கிறேன் தெரியுமா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

என் தம்பியின் குழந்தைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலில் மொட்டையடித்துக் காது குத்தினார்கள். தாரணி, தன் கையால் பாப்பாவுக்கு ஒரு கவுன் என்று நின்றாள். அதற்கு அவள் கேட்டது பச்சை டாப்ஸை. மாட்டேன் என்றேன்.

"நான் பொறக்கறதுக்கு முன்னால இருந்து பொட்டிக்குள்ள கெடக்குதும்மா. பாப்பா போட்டாத்தான் என்ன? நீங்களா போடப்போறீங்க?"

என் இடுப்பை ஒரு பார்வை பார்த்தாள். கொடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை மாலை அவள் உள்ளறையில் தைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் போனில், ஷிப்மென்ட் விஷயமாகக் கம்பெனியோடு கத்திக்கொண்டிருந்தேன். "அம்மா, ஊசி ஒடஞ்சு போச்சு" என்று குரல் வந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு நான் சொன்னது இது: "டப்பாவுல புது ஊசி இருக்குது. மாத்திட்டுத் தெய்யி கண்ணு."

ஞாயிற்றுக்கிழமை பாப்பா அந்தக் கவுனில் அவ்வளவு அழகாக இருந்தாள். அழுகையும் அவ்வளவு அழுதாள். காது குத்தியது வலிக்கிறது என்று எல்லோரும் சொன்னோம். "அத்த ஊட்டுத் துணி, அதான் இந்தச் சத்தம்" என்று நானே சிரித்தேன்.

திங்கட்கிழமை காலையில் நூல் எடுக்க மெஷின் டிராயரைத் திறந்தேன். ஒரு ஊசி கிடந்தது. கிடந்தது பாதி. முனையைக் காணோம்.

"மிச்சம் எங்கே?" என்றேன்.

"தெரியலீம்மா. நீங்கதானே மாத்திட்டுத் தெய்யின்னீங்க?"

தம்பிக்குப் போன் போட்டேன். "அந்தக் கவுனக் கழட்டு, மொதல்ல கழட்டு" என்றேன். "ஏனுங்க்கா, ராத்திரி பூரா அதத்தான் போட்டுட்டுத் தூங்குனா, இன்னும் கழட்டலீங்களே" என்றான். லீவு சொல்லிவிட்டு, தாரணியை இழுத்துக்கொண்டு காங்கயம் வழியாக வெள்ளகோவில் போகும் பஸ் ஏறினேன். அந்தப் பஸ்ஸில் நான் யோசித்ததையெல்லாம் இங்கே எழுத மாட்டேன். தாரணியின் விரல்கள் துப்பட்டா ஓரத்தைச் சுருட்டிச் சுருட்டி விட்டுக்கொண்டிருந்தன.

குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாள். பிடரியில் சிவப்பாக மூன்று புள்ளி. தம்பி மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். கழற்றி வைத்திருந்த கவுன் முழுக்க, கையோடு கொண்டுபோன காந்தத்தை ஓட்டினேன். எங்கும் ஒட்டவில்லை. விரலால் தையல் தையலாக நெருடினேன். ஒன்றும் இல்லை. கழுத்தைச் சுற்றித் தைத்த பைப்பிங் பட்டி மட்டும் கெட்டியாக இருந்தது, உள்ளே ஏதோ இருக்கிறது என்றே தோன்றியது.

"கம்பெனில ஊசி கண்டுபிடிக்கற டிடெக்டர் மெஷின் இருக்குதல்ல? அதுல விட்டுப் பாக்கலாம்மா" என்றாள் தாரணி. "வெட்டாதீங்கம்மா."

அவள் சொன்னது காதில் விழவில்லை என்று சொல்ல ஆசைதான். விழுந்தது. அஞ்சு நிமிட வேலை என்பதும் தெரியும். ஆனால் தம்பி மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூன்று புள்ளியும் தெரிந்துகொண்டே இருந்தது. துண்டு கிடைக்காவிட்டால் பீஸை வெட்டிவிட வேண்டும் என்பது என் கைக்குப் பழகிப்போன வேலை. கத்தரி கேட்டு வாங்கினேன். தையலைப் பிரிக்கக்கூட இல்லை, குறுக்காக வெட்டினேன். பைப்பிங்குக்குள் இருந்தது மடித்த துணிதான். தாரணி துண்டுகளைத் தரையிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

தம்பி எதற்கும் இருக்கட்டும் என்று டாக்டரிடம் தூக்கிப் போனான். வேர்க்குரு என்று சொல்லி அனுப்பினார். கவுன் போடுவதற்கு முன்னால், மொட்டையடிக்கும்போது பட்டுப் பாவாடையோடு வெயிலில் உட்கார வைத்த வேர்க்குரு.

வீட்டுக்குத் திரும்பியதும் தாரணி கைகால்கூடக் கழுவவில்லை. நேராக மெஷினிடம் போனாள். ஸ்க்ரூ டிரைவரால் ஊசிக்குக் கீழே இருக்கும் தகட்டைக் கழற்றினாள். உள்ளே பச்சைப் பஞ்சு போல நூல் தூசி அடைந்து கிடந்தது. அதைக் கிள்ளி எடுத்து, பிரித்து, என் உள்ளங்கையில் வைத்தாள். எண்ணெய் பட்டு மினுங்கிக்கொண்டு ஊசி முனை.

"மொதல்ல மெஷினுக்குள்ள பாக்கோணும்னு நீங்கதானேம்மா சொல்லுவீங்க" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

பழக்க தோஷம், முனையையும் டிராயரில் கிடந்த பாதியையும் ஒரு தாளில் சேர்த்து டேப் போட்டு ஒட்டினேன். முழு ஊசி. கவுனைத்தான் சேர்க்க முடியவில்லை. ஒரு ராத்திரி நானே உட்கார்ந்து பார்த்தேன். குறுக்கே வெட்டியது, எங்கே சேர்த்தாலும் துணி குறைகிறது. இன்னொன்றும் அன்றைக்குத்தான் கவனித்தேன். வெளுத்து வெளுத்துக் கிளிப்பச்சையும் அடர்பச்சையும் ஒரே வெளிர்பச்சையாகியிருக்கின்றன, பூவும் இல்லை, புள்ளியும் இல்லை. எது என் துணி, எது இசக்கி துணி என்று எனக்கே தெரியவில்லை.

தாரணி என்னோடு சண்டை போடவில்லை. நன்றாகத்தான் பேசுகிறாள். மெஷினைத்தான் தொடுவதில்லை. போன வாரம் ஆன்லைனில் ஒரு டாப்ஸ் வாங்கினாள், அளவு சரியாக இருந்தது. மெஷின் மேல் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி குவிந்து கிடக்கிறது. ஆறு மாதமாக நான் கேட்டது இதைத்தானே, கிடைத்துவிட்டது.

காலையில் கட்டைப்பையை மேலே தள்ளிவிட்டு, என் காப்பிக்கலர் டாப்ஸை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். வேண்டுமென்றே நல்லதாகப் பார்த்து எடுத்தேன்.

"இத ஏதாச்சும் பண்ணித்தர்றியா கண்ணு? கையக் கிய்ய வெட்டி, ஏதாச்சும்?"

வாங்கிப் பார்த்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள். ஓரத்தைக் கட்டை விரலால் ஒரு தடவு தடவினாள். மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்லாத்தானேம்மா இருக்குது. அப்படியே போட்டுக்கங்க."