மாமனார் தூக்கிக் குடித்த டம்ளர்

அந்தக் கண்ணாடி டம்ளர் இப்போதும் என் மேசையில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்துச் சாமான். அடி கனம், விளிம்பு மெல்லிசு. கடலூர் ஓல்டு டவுனில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கினேன். இப்படிப்பட்ட பழங்கண்ணாடிகளில் வைர முனை ஊசியால் காட்சிகள் செதுக்குவதுதான் என் தொழில். கோடு பிசகாத கை என்று பெயரெடுத்தவள். அந்தத் திமிரும் எனக்குக் கொஞ்சம் உண்டு.

மாமனார் பிச்சாவரத்தில் படகு ஓட்டியவர். நாங்கள் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட கோபத்தில் இரண்டு வருடமாக எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டில் அவர் கை நனைக்கவில்லை. கலெக்டர் ஆபீசுக்கு வந்தால் வாசலோடு மகனை விசாரித்துவிட்டுப் போய்விடுவார். பச்சைத் தண்ணீர்கூட வாங்க மாட்டார். எனக்கு அது தாங்கவில்லை. அவருக்கென்றே இந்த டம்ளரில் சுரபுன்னைக் காட்டையும், நடுவே துடுப்போடு அவர் படகையும் செதுக்கினேன். அடுத்த முறை மாமியாரோடு வந்தபோது அதில் தண்ணீர் நீட்டினேன்.

படகைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. வாங்கிக்கொண்டார். உதடு படாமல் குடிக்க அண்ணாந்து தூக்கிச் சாய்த்தார். பக்கத்தில் நின்ற மாமியார் பதறிப்போனார்.

"ஐயய்யோ, படகு மூக்கு குத்திக் கவுறுது! கீழ வைங்க!"

ஒரு சொட்டும் விழவில்லை. டம்ளரை வைத்துவிட்டார். "படகைக் கவுத்துட்டு எப்பிடிம்மா தண்ணி குடிக்கறது?" என்றார். கோபமில்லை, வருத்தம்தான்.

எத்தனை கோடு போட்டேன்! நம்மவர்கள் டம்ளரைத் தூக்கிக் குடிப்பார்கள் என்பது மட்டும் புத்திக்கு எட்டவில்லை. கண்ணாடியில் விழுந்த கோட்டை அழிக்கவும் முடியாது. ஆனால் சேர்க்கலாமே!

"மாமா, ஆபீஸ் வேலைய முடிச்சிட்டு வாங்க. டம்ளர் தயாரா இருக்கும்" என்றேன்.

படகுக்குக் கீழே, தண்ணீரில் விழும் அதன் நிழலைச் செதுக்கினேன். தலைகீழாக இன்னொரு படகு, இன்னொரு மாமனார். சாயங்காலம் அவர் வந்ததும் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தேன்.

"பாதியில நிறுத்தாதீங்க மாமா. கடைசி சொட்டு வரைக்கும் குடிச்சாத்தான் படகு நிமிரும்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு அண்ணாந்தார். டம்ளர் சாயச் சாய மேல் படகு கவிழ்ந்தது. கீழே இருந்த நிழல் எழும்பியது. கடைசிச் சொட்டு விழுந்தபோது அது நேராக மிதந்தது. "நிமிந்திடுச்சு, நிமிந்திடுச்சு!" என்று மாமியார் கைதட்டினார்.

வாயைத் துடைத்துக்கொண்டு மாமனார் கேட்டார்: "சோறு இருக்காம்மா?"

அவர் போய்ச் சில வருடங்களாகின்றன. இன்றும் எந்தப் பழங்கண்ணாடி வந்தாலும், முதல் கோடு போடுமுன் இந்த டம்ளரை நிரப்பி அண்ணாந்து குடிக்கிறேன். கடைசிச் சொட்டு வரை.