குன்றின் பின்பக்க வழி

சாராளுக்கு முப்பத்தெட்டு வயது, அவளுடைய சைக்கிளுக்கு இருபத்திரண்டு. பதினோராம் வகுப்பில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. கல்யாணமாகி முட்டுக்காட்டிலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் வந்தபோது சீர் சாமான்களோடு அதுவும் வண்டியில் வந்து இறங்கியது. பிறகு டயர், செயின், சீட், பிரேக் என்று ஒவ்வொன்றாக மாறி, அரசாங்கம் கொடுத்ததில் இன்றைக்கு மிச்சம் இருப்பது ஃபிரேம் மட்டும்தான். அதை யாராவது குறை சொல்லட்டும் பார்க்கலாம்.

ஏரிக்கரைப் பூங்காவில் கூட்டிப் பெருக்குவதும் செடிகளுக்குத் தண்ணீர் விடுவதும் அவள் வேலை. ஒப்பந்தக் கூலி. பூங்காவை ஒட்டி ஒரு குன்று, குன்றுக்கு அந்தப் பக்கம் அவள் வீடு. ஜி.எஸ்.டி. ரோடு வழியாகச் சுற்றினால் ஆறு கிலோமீட்டர், லாரிகளுக்கு நடுவே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதிக்க வேண்டும். குன்றின் மேலாக வந்தால் கால் மணி நேரம். ஒன்பது வருடமாக அப்படித்தான் வருகிறாள். அவள் சக்கரம் போட்ட தடம் எந்த இடத்திலும் நேராக ஏறாது. சரிவில் குறுக்காகவே போகும், பாறை வந்தால் திரும்பி மறுபடி குறுக்காகவே ஏறும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது கேரியரில் ஒரு தண்ணீர் கேன் இருக்கும். நேராக ஏறினால் முதலில் கேன் உருளும், அடுத்து சாராள் உருளுவாள். இரண்டும் நடந்த பிறகுதான் அவளுக்கு அது புரிந்தது.

இந்தக் குன்றில் மவுண்டன் பைக் ஓட்டத் தடம் போடலாம் என்று மேலிடத்தில் முடிவானது. திட்டம் போட வந்தவன் ஹரிஹரன். இருபத்தேழு வயது. ஒரு லேப்டாப், ஒரு பறக்கும் கேமரா, பை நிறையச் சிவப்பு ரிப்பன். மரத்துக்கு மரம் அவன் ரிப்பன் கட்டிய வழியில்தான் அடுத்த வாரம் ஆட்கள் வந்து மண் வெட்டுவார்கள். உச்சியிலிருந்து பூங்கா வாசலுக்கு ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேராக இறங்கியது அவன் ரிப்பன்.

"பின்பக்கம் முழுக்க வேலி வருதுக்கா. ஆடு மாடு எதுவும் உள்ள வராது" என்றான் பெருமையாக.

"ஆளு?"

"ஆளும்தான்."

பத்து நிமிடம் தாமதமானாலே மேஸ்திரி பாதி நாள் கூலியைப் பிடிப்பார். ரோட்டைச் சுற்றி வந்தால் தினமும் தாமதம், மாதக் கடைசியில் வேலையே இருக்காது. ஆனால் வாயைத் திறந்து சாராள் சொன்னது, "நல்லா கீது சார்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் ஏழு ரிப்பன்களை அவிழ்த்துத் தன் தடத்தோரம் இருந்த மரங்களில் கட்டிவிட்டுப் போனாள். தடம் பின்பக்கம் வரை வந்துவிட்டால் அங்கே ஒரு வாசல் விட்டுத்தானே ஆக வேண்டும் என்பது அவள் கணக்கு.

"யாருக்கா இதையெல்லாம் அவுத்தது?" என்றான் ஹரிஹரன் காலையில்.

"கொரங்கு சார். ஒரே பேஜாரு. போன மாசம் என் நாஸ்தா டப்பாவையே தூக்கினு போச்சு."

டப்பா போனது சத்தியமான உண்மை. அந்த ஒரு உண்மையின் பலத்தில் மீதிப் பொய்யும் நின்றுவிட்டது. மறுநாள் ஐந்து ரிப்பன், அதற்கு மறுநாள் ஒன்பது. லேப்டாப்பில் ஒரு பாதை, குன்றில் வேறு பாதை. ஒரு பாவமும் அறியாத குரங்குகள் பாறை மேல் உட்கார்ந்து பேன் பார்த்துக்கொண்டிருந்தன.

வியாழக்கிழமை பகல் முழுக்க மழை. ஹரிஹரனின் நேர்க்கோடு ஓடையாகி, மண்ணெல்லாம் பூங்கா வாசலுக்கு வந்து சேர்ந்தது. வெள்ளிக்கிழமை அவன் தன்னுடைய விலை உயர்ந்த சைக்கிளில் ரிப்பன்கள் காட்டிய வழியிலேயே ஏறினான். தரை இறுகிக் கிடந்தது. ஒரு இடத்தில்கூடக் காலை ஊன்றாமல் பின்பக்கம் போய்த் திரும்பி வந்தான்.

சாராள் சாப்பாட்டு நேரத்தில் மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். பஸ் நிலையத்துப் பூக்கடைக்குக் கட்டிக் கொடுப்பது அவளுக்கு உபதொழில். இந்தப் பக்கம் இரண்டு மொட்டு, அந்தப் பக்கம் இரண்டு மொட்டு, நூலை விரலில் சுற்றி ஒரு இழுப்பு. ஹரிஹரன் நின்று பார்த்தான். பிறகு பையிலிருந்து, ஒரு சிறு கிளையோடு ஒடித்து வந்த ரிப்பனை எடுத்து அவள் மடியில் வைத்தான். அதிலும் அதே முடிச்சு.

"கொரங்கு நல்லாப் பூ கட்டுதுக்கா."

அவள் கை நின்றுவிட்டது. வேலை போயிற்று என்றே நினைத்தாள். அப்புறம், போவது போகட்டும் என்று நிமிர்ந்து பார்த்தாள். "இன்னா சார் பண்றது? என் வூடு அந்தாண்ட கீது."

ஹரிஹரன் பக்கத்தில் உட்கார்ந்தான். "என் கோடு ஒரே மழையில கரைஞ்சுபோச்சு. உங்களுது எப்படிக்கா நிக்குது?"

அவள் தண்ணீர் கேன் கதையைச் சொன்னாள். அவன் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொண்டான். மீதி ரிப்பன்களை மறுநாள் இருவருமாகக் கட்டினார்கள். புது மேப்பில் பின்பக்க வேலியில் ஒரு கேட் வந்தது. மேப்பின் கீழே, பாதை போட்டவர் என்று ஹரிஹரன் பெயர் மட்டும் இருந்தது. சாராள் அதைக் கவனித்தாள். கேட் கிடைத்ததே என்று விட்டுவிட்டாள்.

தடம் வெட்டி முடிந்ததும் பெரிய அதிகாரியம்மா பார்வையிட வந்தார். உச்சி வரை நடந்து, "அருமையா இருக்கே, யார் போட்ட பாதை?" என்று கேட்டார். ஹரிஹரன் நெளிந்துகொண்டே, "நான்தான் மேடம்" என்றான். துடைப்பத்தோடு பின்னால் வந்த சாராள் வானத்தைப் பார்த்தாள்.

அதிகாரியம்மா பின்பக்கம் திரும்பினார். "அங்க எதுக்கு கேட்? கண்டவங்களும் உள்ள வருவாங்க. மூடிடுங்க."

சாராள் துடைப்பத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஹரிஹரனையே பார்த்தாள். அவன் காதுமடல் சிவந்துவிட்டது.

"மூட முடியாது மேடம்" என்றான். "இது இந்த அக்கா வீட்டுக்குப் போற வழி. ஒன்பது வருஷமா அவங்க சைக்கிள் போட்ட தடம். நான் தப்பாச் சொல்லிட்டேன். நான் வெறும் ரிப்பன் கட்டினவன்."

எல்லோரும் சாராளைத் திரும்பிப் பார்த்தார்கள். கண் கலங்கிக் கும்பிடுவாள் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும்.

"ரிப்பனும் நான்தான் கட்னேன் மேடம்" என்றாள் சாராள்.

அதிகாரியம்மாவுக்குச் சிரிப்பு அடங்கச் சற்று நேரம் ஆயிற்று. கேட் சாவி இப்போது சாராளின் இடுப்பில், மிச்சமான ஒரு சிவப்பு ரிப்பனில் தொங்குகிறது.